ஒரே இடத்தில் நின்று எடுத்த பதினொரு படங்கள்

கதிர்,

இதற்கு மேலும் வாயைத் திறக்காமல் இருந்தால் அது வீம்பு இல்லை, அயோக்கியத்தனம். மூன்று வருடம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டேன். நீ போன் செய்யும்போதெல்லாம் அதை உன் அம்மாவிடம் நீட்டிவிட்டு, மாடிக்குப் போய்க் காயாத துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பெரிய தண்டனை கொடுப்பதாக எனக்கு எண்ணம். இப்போது பேச வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. வரும் கோடையில் அங்கே தொடங்கவிருக்கும் நான்கு வருடக் காட்டு வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். எழுதிக் கொடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதாம். "அப்பாவோட நெஞ்சுதாம்மா முக்கியம், காடு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாயாம். என் நெஞ்சில் ஒன்றுமில்லை, கதிர். அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நீ ஒரு பொய்யை நம்பி முடிவு எடுத்திருக்கிறாய். அந்தப் பொய் என்னுடையது. அம்மாவின் மேல் கோபப்படாதே. கடைசிவரை படித்துவிட்டு என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை காலை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இப்டி வேர்த்துகினு கீற? ஏறு, ஏறு, பேசாத" என்று மற்றவர்களை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர்தான் என் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வருகிற வழியிலேயே அழுதுகொண்டு உன்னைக் கூப்பிட்டுவிட்டாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், சாயங்காலம் வரை படுக்க வைத்தார்கள். கடைசியில் டாக்டர் வந்து, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றார். டீ என்றேன். "மத்தியானம் வழக்கமா?" டீ என்றேன். "சார், உங்க ஹார்ட் என்னோடத விட நல்லா இருக்கு. வெறும் கேஸ்தான். வயித்துக்குள்ள ஏதாவது போடுங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அம்மா போனை எடுத்தாள். "ஒண்ணுமில்லன்னு புள்ளகிட்ட சொல்லிடறேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இரு. இப்ப சொல்லாத."

"ஏன்?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

"புள்ள அங்க சாப்பிடாம கெடக்குது. நீங்க இன்னா, வேடிக்க பாக்கறீங்களா?"

"நீ சொன்னா நான் அந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றேன். ஐம்பத்து நான்கு வயதில், ஊசி குத்திய கையில் பஞ்சோடு, ஓடுகிற ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் சொல்கிற பேச்சா அது? உன் அம்மா போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். அவள் உன்னிடம் பொய் சொல்லவும் இல்லை. நீ கேட்டபோது அழுதாள், அவ்வளவுதான். அந்த அழுகையை நீ பதிலாக எடுத்துக்கொண்டாய். இரண்டு வாரம் கழித்து நீ திரும்பி வருவதாகச் சொன்ன அன்று, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகன் வருகிறானே என்ற சந்தோஷம் இல்லை. ஜெயித்த சந்தோஷம்.

ஏன் ஜெயிக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை நாள், கிழமையோடு வைத்திருக்கிறேன். அதில் மேலே இருக்கிறது ஒரு நேர்முகத் தேர்வு. தாவரவியலில் முதுகலை முடித்த வருடம், காட்டு ஆராய்ச்சி செய்கிற ஓர் அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பாடத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு ஒருவர், "காட்டுல தங்கியிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "எந்த ஊரு?" பாடி என்றேன். "பாடியா! அங்க புகைபோக்கிதானேப்பா வளரும்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரித்ததைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. நான் சேர்ந்து சிரித்ததை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதன் பிறகு அதே புகைபோக்கிகளில் ஒன்றின் கீழே ஆய்வுக்கூடத்தில் பெயின்ட் சோதித்துக்கொண்டு, அந்தத் தொழிற்சாலை மூடும்வரை இருந்தேன். வீட்டில் யாராவது மரம், செடி என்று பேசினால் எரிந்து விழுந்தேன். நீ ஏழாம் வகுப்பில் செய்த இலைத் தொகுப்பை எடைக்குப் போட்டது நான்தான். அம்மா தெரியாமல் போட்டுவிட்டதாக உன்னிடம் சொல்லியிருந்தேன்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் அந்த டீக்கடையை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் உன்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வண்டியில் வந்தேன். டீ சொன்னோம். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நீ வாயைத் திறந்தாய். "அப்பா, கெடச்சிடுச்சு. வெளிநாட்டுல, வடக்க, ஊசியிலைக் காட்டுல ஆராய்ச்சி. எல்லா செலவும் அவங்களே பாத்துக்கறாங்க." எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கடைக்காரர் கேட்டுவிட்டு, "இன்னா அண்ணாத்தே, புள்ள ஃபாரின் போறானா? ஸ்வீட்டு எங்க?" என்றார். நான், "மரம் எண்ணப் போறானாம். நம்ம இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல நாலு வேப்பமரம் கீது, மொதல்ல அத எண்ணிட்டு வரச் சொல்லு" என்றேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துவிட்டு, டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கீழே வைத்தாய். அந்தச் சிரிப்பு எதுவென்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும், கதிர். அது என் சிரிப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சிரித்த அதே சிரிப்பு. தெரிந்தும் வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

இப்போது நான் எஸ்டேட்டில் ஒரு பழைய ஷெட்டின் மாடியில் வேலை பார்க்கிறேன் என்று அம்மா சொல்லியிருப்பாள். என்ன வேலை என்று சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு நான் சொன்னதில்லை. வெளிநாட்டு நூலகங்கள், அலுவலகங்கள் தங்களிடம் உள்ள பழைய புகைப்படங்களை முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்புகின்றன. எங்கள் திரையில் இடது பாதியில் படம் வரும், வலது பாதியில் ஒரு படிவம். படத்தின் பின்னால் கையால் எழுதியிருப்பதை அப்படியே அடிக்க வேண்டும், அவர்கள் பிழையாக எழுதியிருந்தால் பிழையையும் சேர்த்து. ஒரே காட்சி இரண்டு முறை வந்தால் இரண்டாவதை 'இரட்டை' என்று குறித்துவிட வேண்டும். அப்படிக் குறித்தவை பட்டியலிலிருந்து நீங்கிவிடும், பிறகு யாரும் அவற்றைத் தேடி எடுக்க முடியாது. யாருடைய படங்கள் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் நான் பார்த்த எதையும் உனக்குப் படமாக அனுப்ப வழியில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன்.

நீ வருவதாகச் சொன்ன அதே வாரம் அந்தத் தொகுப்பு வந்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள், பழையவை எல்லாம் கண்ணாடித் தகட்டில் எடுத்தவை. முதல் படம் ஒரு மரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து எடுத்தது. காடு. அதற்கு மேல் காடு. அதற்கும் மேல் வானத்தோடு மங்கிப் போகும் காடு. பாடிக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவிலேயே முழு வாழ்க்கையையும் கழித்தவன் நான். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கூரை இல்லாத, ஒரு கம்பி இல்லாத இடத்தை நான் பார்த்ததே இல்லை. பின்பக்கத்தில் "வடக்கு நோக்கி" என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டே சொல்லை அடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மார்பளவுப் பனியில் நின்று ஒரு மரத்தைச் சுற்றி நாடா பிடிக்கும் இரண்டு பேர். முகத்தில் கொசுவலை மாட்டிக்கொண்டு, நோட்டில் எண்களை எழுதும் ஒருவர். வலைக்குள்ளும் பத்துப் பதினைந்து கொசுக்கள் இருப்பது பெரிதாக்கினால் தெரிகிறது, அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. காய்கள் நிறைந்த சாக்கு மூட்டைகளோடு பனியில் சறுக்கு வண்டியை இழுக்கும் குதிரை, அதன் மூச்சு வெள்ளையாக உறைந்து நிற்கிறது. ஒரு மரக்குடிசை, அதுதான் ஆய்வுக்கூடம். கூரையிலிருந்து ஈர பூட்ஸுகள் தொங்குகின்றன, அவற்றுக்குக் கீழே ஒரு பெண் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து, ஊசி முனையால் ஆண்டு வளையங்களை எண்ணுகிறார். இன்னொரு படத்தில் ஒரு தண்டின் குறுக்கு வெட்டு. பக்கத்தில் அளவுக்காக ஒரு நாணயம் வைத்திருக்கிறார்கள். தண்டு என் கட்டைவிரல் அளவுதான். பின்னால் எழுதியிருந்த வளையங்களின் எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்தேன். அந்தக் கட்டைவிரல் என்னைவிட மூத்தது. பெரிய மரங்களின் நிழலில், வளராமலும் சாகாமலும் அத்தனை வருடம் நின்றிருக்கிறது. நான் முதுகலை படித்தவன். நிழலில் காத்திருக்கும் மரங்களைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனாலும் பார், இவ்வளவு பிரமிப்புக்கு நடுவிலும் நான் நான்தானே. ஜெயித்த மிதப்பில் இருந்தேன். வேகவேகமாக அடித்துத் தள்ளினேன். ஒரு கட்டத்தில் ஒரே சரிவு, ஒரே வெள்ளைத் தண்டுகள், கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அளவுகோலோடு அதே ஆள் என்று படங்கள் வரத் தொடங்கின. பின்பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், ஐந்து படங்களுக்கு 'இரட்டை' என்று போட்டுவிட்டேன்.

எங்கள் வேலையைச் சரிபார்ப்பவர் ஜெயா. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர், நாற்பது வயது இருக்கும், பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டவர். என் பட்டம், என் ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மேலே அவர் எனக்கு அதிகாரியாக உட்கார்ந்திருப்பதும் என் மனக்குறைகளில் ஒன்றாக இருந்தது. அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இன்னா சார் நீ, எல்லாத்தையும் டபுள்னு போட்டுகினு கீற? காட்ட மொத்தமா காலி பண்ணிடுவ போல."

"ஒரே படம்தானே ஜெயா. அதே ஆள், அதே எடம்."

"ஆளப் பாக்காத சார். அவன் காலாண்ட பாரு."

"என்ன இருக்கு? புல்லு."

"புல்லா? நீதான பெரிய படிப்பு படிச்சவன்? அஞ்சையும் வரிசையா வையி."

வைத்தேன். ஆஸ்பென் என்ற அகல இலை மரங்களின் வெள்ளைத் தண்டுகள் ஐந்து படத்திலும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆனால் முதல் படத்தில் அந்த ஆளின் கணுக்காலருகே புல்லாகத் தெரிந்தது, இரண்டாவதில் அவர் முழங்காலுக்கு வந்திருந்தது. மூன்றாவதில் இடுப்புக்கு. நான்காவதில் தோளுக்கு. ஐந்தாவதில் அவருடைய தொப்பியைத் தாண்டிவிட்டது. அது ஸ்ப்ரூஸ், ஊசியிலை மரம். வெளிச்சத்தை எல்லாம் மேலே இருப்பவை எடுத்துக்கொள்ள, மிச்சத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. பின்பக்கங்களைத் திறந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பல வருடங்கள். முதல் படம் என் அப்பா பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. ஐந்தாவது எடுத்தபோது அவருக்குக் கல்யாணமாகிவிட்டிருக்கும்.

"இப்ப தெரிதா சார்?" என்றார் ஜெயா. "என் பையன் நிக்கிற மாரியே கீது. தெனம் பாக்கறேன், ஒண்ணும் தெரியல. போன வருஷ சட்டைய எடுத்தா ஏற மாட்டுது." சொல்லிவிட்டு, நான் போட்ட ஐந்து குறிகளையும் அவரே நீக்கிவிட்டுப் போனார். யாரிடமும் புகார் சொல்லவில்லை.

அன்று முழுக்க அந்த வரிசையை விட்டு நகரவில்லை. அந்த ஐந்துக்கு முன்னும் பின்னும் வந்தவற்றைச் சேர்த்து மொத்தம் பதினொரு படங்கள். எல்லாம் ஒரே சின்ன நிலத்துண்டு. மூலையில் ஒரு கம்பம் அடித்து, அதன்மேல் கேமராவை வைத்து, ஒரே திசையில், ஒரே உயரத்தில் எடுத்தவை. முதல் படத்தில் தீயில் எரிந்த வெறும் மலைச்சரிவு. கரிக்கட்டைகளுக்கு நடுவே தோளில் வார் மாட்டிய கால்சட்டையோடு, இருபது வயதுக்காரர் ஒருவர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்ததில் ஆஸ்பென் அவர் தலைக்கு மேலே. பிறகு நான் சொன்ன ஐந்து. அந்த ஐந்திலும் மரங்களைவிட அவர்தான் மாறுகிறார். தோள் அகலமாகிறது, வயிறு விழுகிறது, கண்ணாடி வருகிறது. பின்பக்கத்தில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. "அளவுக்காக ஓர் ஆள்" என்றுதான் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. எனக்கு அவருக்காகக் கோபம் வந்தது. ஓர் ஆயுளைக் கொடுத்தவனின் பெயரை எழுத இடமா இல்லை? பிறகு யோசித்தேன். பெயருக்காக வந்திருந்தால் இரண்டாவது படத்துக்கே வந்திருக்க மாட்டார். இந்த மரங்கள் முதிர்ந்து நிற்பதைத் தான் பார்க்கப் போவதில்லை என்று அந்தக் கம்பத்தை அடித்த நாளிலேயே அவருக்குத் தெரியும். தெரிந்தே அடித்திருக்கிறார். தெரிந்தே திரும்பத் திரும்ப வந்து நின்றிருக்கிறார். இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். மூன்று பேர் சிரித்த ஒரு மதியத்தை முப்பது வருடமாக அளந்துகொண்டிருப்பவன் நான்.

எட்டாவது படம்தான் என்னை உலுக்கியது. ஆஸ்பென் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டைகள் மட்டும் வெள்ளை வட்டங்களாகக் கிடக்கின்றன. நடுவில் ஸ்ப்ரூஸ் மரங்கள், முதல்முறையாக முழு வெயிலில், ஒல்லியாக, கூச்சத்தோடு நிற்கின்றன. பின்னால் நீளமாக எழுதியிருந்தார்கள். கீழே வளர்பவற்றை விடுவிப்பதற்காக மேலே நின்றவை வெட்டப்பட்டன என்று. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், நிழல்தான் இதுவரை இவற்றை உறைபனியிலிருந்து காத்தது, இதற்கு முன்பே வெட்டியிருந்தால் நுனி கருகியிருக்கும், இனியும் தாமதித்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று. ஒன்பதாவதில் இரண்டு மரங்கள் காற்றில் சாய்ந்துவிட்டன. பத்தாவதில் மற்றவை படத்தின் மேல் விளிம்பைத் தாண்டிவிட்டன. அதில் அந்த ஆள் இல்லை. அளவுகோலை வேறு யாரோ பிடித்திருக்கிறார். பதினொன்றாவதில் மரங்களின் அடிப்பாகம் மட்டும்தான். நுனியைப் பிடிக்கக் கேமரா அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும், ஆனால் திசையை மாற்றக் கூடாதே. அதனால் ஒரு பெரிய, இருண்ட, நேரான தண்டு, அதன் பக்கத்தில் தோளில் பை மாட்டிய இன்னொரு இளைஞர்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் கேட்டேன். "அவன் அங்க என்னதான் பண்றான்?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "மூணு வருஷம் கழிச்சு கேக்கறீங்க. சீக்கிரமாத்தான் கேட்டுட்டீங்க."

"சொல்லேன்."

"எப்பவோ பழைய ஆளுங்க காட்டுக்குள்ள கம்பம் நட்டு, மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டு அளந்து வச்சிருக்காங்களாம். அத தேடிக் கண்டுபுடிச்சு, அதே மரத்த திரும்ப அளக்கணுமாம். அந்த நாலு வருஷ வேல அதான். பனி உருகினதும் ஆரம்பம்." கீரையைக் கீழே வைத்தாள். "ஒரு கம்பம் ஆப்டுச்சுன்னா போன்ல எப்டி கத்துவான் தெரியுமா? போன ஆவணில ஒண்ணு கெடச்சுது. 'அம்மா, கெடச்சிடுச்சு'ன்னு கத்தினான். நீங்க மாடியில துணி மடிச்சுகினு இருந்தீங்க."

நான் பார்த்தது உன் காடா என்று எனக்குத் தெரியாது. அங்கே இப்படி ஆயிரம் இடங்கள் இருக்கலாம். ஆனால் அந்தப் பதினொன்றாவது படத்துக்குப் பிறகு ஒரு படம் எடுக்கப்பட வேண்டும், கதிர். யாராவது போய் நிற்க வேண்டும். நீ நிற்க வேண்டிய ஏதோ ஒரு சரிவில், என் வயிற்று வாயுவால் ஒருவரும் நிற்காமல் போகவிருந்தது. அத்தனை பேர், அத்தனை வருடம், கொசுவிலும் பனியிலும் விடாமல் நீட்டிக்கொண்டு வந்த ஒரு கோட்டை நான் இங்கே உட்கார்ந்து, ஓர் ஆட்டோவில், நாலே வாக்கியத்தில் அறுக்கப் பார்த்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். மகன் கூட இருக்க வேண்டும் என்ற ஆசை என்று எழுதிவிட்டால் அழகாக இருக்கும். அது இல்லை. பொறாமை. டீக்கடையில் நீ சொன்ன நிமிடத்தில் எனக்கு வந்தது பொறாமை. எனக்கு மறுத்த கதவை உனக்குத் திறந்துவிட்டார்கள், அதுவும் சிரிக்காமல் திறந்துவிட்டார்கள் என்ற பொறாமை. தகப்பனுக்கு மகன்மேல் அது வரலாமா என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. வருகிறது. வந்தால் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன்: அது அக்கறையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். "குளிர் தாங்க மாட்டான்", "சாப்பாடு ஒத்துக்காது", "எதிர்காலம் இல்லாத படிப்பு" என்றெல்லாம் பேசும். நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுடைய நல்லதுக்காக என்று ஏதாவது சொல்ல நீ வாயெடுத்தால், அதற்கு முன் ஒரு நிமிடம் அந்தச் சட்டையைக் கழற்றிப் பார்.

வேறு என்ன சொல்ல? யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தால் சேர்ந்து சிரிக்காதே, நான் சிரித்தாலும்கூட. நீ எடுக்கும் படங்களுக்குப் பின்னால் தெளிவாக எழுது. எங்கோ ஒரு ஷெட்டில் யாரோ ஒருவர் அதை எழுத்தெழுத்தாகப் படிப்பார், அவர் கண் பாவம். கூட வேலை செய்பவர் உன்னைவிடக் குறைவாகப் படித்தவராக இருந்தால் அவர் பார்க்கச் சொல்லும் இடத்தை முதலில் பார். எடைக்குப் போட்ட இலைத் தொகுப்பை என்னால் திருப்பித் தர முடியாது. அதில் நீ ஒட்டியிருந்த பூவரசு இலைக்குப் பக்கத்தில் அதன் தாவரவியல் பெயரைச் சரியாக எழுதியிருந்தாய், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் போட்டேன். இதையும் நீ தெரிந்து வைத்துக்கொள்.

இதுவரை எழுதியதை நேற்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆட்டோ வரும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிந்ததும், "போன்லயே சொல்லிடலாமே" என்றாள். நீ ஹலோ என்று சொல்வதற்குள் நான் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக் கத்தத் தொடங்கிவிடுவேன் என்றேன். "அது சரிதான்" என்று ஒத்துக்கொண்டாள். நம் வீட்டில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று.

உன் முடிவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் நலமாக இருக்கிறேன், காலையில் இட்லி சாப்பிடுகிறேன், டீயை இரண்டாகக் குறைத்துவிட்டேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நீ இங்கே வர விரும்பினால் வா, உன் அறை அப்படியே இருக்கிறது. அங்கேயே இருக்க விரும்பினால் இரு. எதைச் செய்தாலும் அது உனக்காக இருக்கட்டும். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துப் பத்து நிமிடம் ஆகிறது. 'அப்பா' என்று எழுதினால் நீ கீழ்ப்படிந்துவிடுவாய். "இரு" என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு இருந்துவிடுவாய், "வா" என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு புறப்படத் தயாரான அதே பிள்ளைதானே நீ. எந்தப் பக்கமும் உன்னைத் தள்ள எனக்கு இனி உரிமை வேண்டாம். அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டால் தபால் ஆபீஸ் கவுண்டரில் வாங்க மாட்டார்கள் என்பதால், உறைமேல் உன் அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே யார் பெயரும் இருக்காது. இப்படியே ஒட்டி, கவுண்டர் மூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.